ஃபென்ஸ்லைன் மானிட்டரிங்: வேலியோரக் கண்காணிப்பு

ஒரு தொழிற்சாலையின் எல்லையைச் சுற்றி அளவிகளை வைத்து, அங்கே காற்றில் நச்சு வளிமம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பதே ஃபென்ஸ்லைன் மானிட்டரிங். தமிழில் வேலியோரக் கண்காணிப்பு எனலாம். புகைபோக்கிக்குள்ளேயே கருவியைச் செருகி அளப்பது வேறு முறை. அதற்குத் தொடர் உமிழ்வுக் கண்காணிப்பு என்று பெயர். இரண்டையும் "காற்று மாசுக் கண்காணிப்பு" என்று ஒரே சொல்லால் அழைப்பவர், புதிய விதி வருகிறது என்று கேட்டதும் தவறான நிறுவனத்தின் பங்கை வாங்க வாய்ப்பு அதிகம். இரு முறைகளுக்கும் கருவிகள் வேறு. அவற்றை விற்பவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஃபென்ஸ் என்பது 'டிஃபென்ஸ்' தேய்ந்து பிறந்த ஆங்கிலச் சொல். வேர் லத்தீன் 'டெஃபெண்டெரே', காத்தல். தமிழ் வேலியும் காவலைக் குறிப்பதே. திருநெல்வேலி என்ற பெயரிலேயே நெல்லுக்குக் காவலான வேலி நிற்கிறது. காவிரிப் படுகையில் வேலி நில அளவும்கூட: 20 மா ஒரு வேலி. மானிட்டர் என்பதன் வேர் லத்தீன் 'மொனேரே', அதாவது எச்சரித்தல்; பழைய பொருளில் மானிட்டர் என்றால் எச்சரிப்பவர். தமிழ்ச் சொல்லோ கண்ணிலிருந்து பிறந்தது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்க்கிறவர் 'கண்காணி'. இலங்கை, மலாயா தோட்டங்களில் அதே சொல் 'கங்காணி' ஆகி, அங்கிருந்து ஆங்கில அகராதிக்கும் போனது. ஆங்கிலச் சொல் எச்சரிக்கிறது, தமிழ்ச் சொல் பார்க்கிறது என்ற இந்த வேறுபாடு வீண் ஆராய்ச்சி இல்லை. வேலியோரக் கண்காணிப்பு விதிகளின் கூர்மை பார்ப்பதில் இல்லை, பார்த்த பிறகு என்ன செய்யவேண்டும் என்பதில் இருக்கிறது.

'எல்லையோரக் கண்காணிப்பு' என்று எழுதினால் நாட்டெல்லையும் ராணுவமும் நினைவுக்கு வரும். 'சுற்றுப்புறக் காற்றுக் கண்காணிப்பு' என்பது ஊரின் பொதுக் காற்றை அளப்பதற்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். ஆகவே வேலியோரம் என்பதே பொருந்துகிறது. 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்ற பழமொழியும் இங்கே உதவும்: காற்றிலுள்ள நச்சைப் பிடிக்கும் குழாயை மாட்டுவதும் கழற்றுவதும் ஆலையே. அதனால்தான் விதி நகல் மாதிரி (அதே இடத்தில் இன்னொரு குழாய்), வெற்று மாதிரி (திறக்காமலே வைக்கும் குழாய்), தரவை அரசிடம் ஒப்படைத்தல் என்று அடுக்கடுக்காகச் சாட்சி கேட்கிறது.

இந்தச் சொல் சட்டச் சொல்லாக வலுப்பெற்றது அமெரிக்காவில். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015-இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வெளியிட்ட விதி, வேலியோரத்தில் புற்றுநோய் தரும் பென்சீனை அளக்கச் சொன்னது. அளவீடு 2018 ஜனவரி இறுதிக்குள் தொடங்கவேண்டும். புகைபோக்கியை விட்டு வேலிக்குப் போனதற்குக் காரணம் உண்டு. பென்சீனில் பெரும் பங்கு வால்வு, பம்பு, குழாய் இணைப்பு, சேமிப்புத் தொட்டி, கழிவுநீர்க் கால்வாய் ஆகியவற்றிலிருந்து கசிகிறது. இதை ஃபியூஜிட்டிவ் எமிஷன் என்பார்கள். 'தப்பியோடும் உமிழ்வு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட, கசிவு உமிழ்வு என்பதே எவருக்கும் விளங்கும்.

கருவி என்றதும் திரையும் மின்விளக்குமாக மின்னும் பெட்டியைக் கற்பனை செய்யவேண்டாம். 2015 விதியின் கருவி ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குழாய். விட்டம் கால் அங்குலம், நீளம் 3.5 அங்குலம். உள்ளே கரிம வகைத் தூள். பரப்புக் கவர்தல் என்று பள்ளி வேதியியலில் படித்த அதே வினையால் பென்சீன் அந்தத் தூளில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பரப்புக்கவர் குழாய் என்று அழைக்கலாம். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. தரையிலிருந்து 1.5 முதல் 3 மீட்டர் உயரத்தில் மழைமறைப்புக்குக் கீழ் 14 நாள் தொங்கும். வளாகம் 750 ஏக்கருக்குள் இருந்தால் 30 பாகைக்கு ஒன்று வீதம் 12 இடங்கள். 1,500 ஏக்கர் வரை 18. அதற்கு மேல் 24.

14 நாளில் குழாய் எவ்வளவு பென்சீனைப் பிடிக்கும்? கார்போபேக் எக்ஸ் என்ற தூளுக்குப் பென்சீன் ஏற்பு வீதம் நிமிடத்துக்கு 0.67 மில்லிலிட்டர். 20,160 நிமிடத்தில் இது சுமார் 13.5 லிட்டர் காற்றுக்குச் சமம். காற்றில் ஒரு கனமீட்டருக்கு 9 மைக்ரோகிராம் இருந்தால் குழாயில் சேர்வது ஏறத்தாழ 0.12 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவு என்பதால்தான் சின்னக் கவனக்குறைவும் முடிவைக் கெடுக்கிறது. மூடி இறுகாவிட்டால் வண்டியில் போகும்போதே வாகனப் பென்சீன் உள்ளே ஏறும். மாட்டிய நேரம், கழற்றிய நேரம் குறிக்கப்படாவிட்டால் கணக்கே போட முடியாது. முந்தைய பயன்பாட்டின் எச்சத்தைச் சூடேற்றி நீக்காத குழாய், இல்லாத பென்சீனைக் காட்டும்.

ஆய்வகத்தில் குழாயைச் சூடேற்றி, வெளிவரும் வளிமத்தை, கலவையைப் பிரித்து அளக்கும் வண்ணப்பிரிகைக் கருவியில் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு 14 நாளுக்கும் சுற்றியுள்ள குழாய்களில் மிக அதிக அளவிலிருந்து மிகக் குறைந்த அளவைக் கழிப்பார்கள். ஆலைக்கு வெளியிலிருந்து வந்த பென்சீனை விலக்கவே இந்தக் கழித்தல். காற்று வீசி வரும் பக்கத்தில் இன்னொரு ஆலை இருந்தால் இந்தக் கழித்தல் மட்டும் போதாது. தனித் திட்டம் எழுதி முகமையின் ஒப்புதல் பெறவேண்டும். இப்படிக் கிடைத்த 26 வேறுபாடுகளின் ஆண்டுச் சராசரி 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் 5 நாளுக்குள் காரணம் தேடத் தொடங்கி, 45 நாளுக்குள் முதல் திருத்தத்தை முடிக்கவேண்டும்.

அந்த 9 என்பது 'ஆக்ஷன் லெவல்'. இதை 'உச்சவரம்பு' என்று மொழிபெயர்ப்பது பிழை. தாண்டுவதே குற்றமில்லை, தாண்டிய பின் சும்மா இருப்பதுதான் குற்றம். நடவடிக்கை அளவு என்று சொல்வதே சரி. மொனேரே என்ற பழைய வேர் இங்கேதான் உயிரோடிருக்கிறது.

அடுத்த அலை 2023 ஏப்ரலில் முன்மொழியப்பட்டது. இம்முறை கரிம வேதிப்பொருள் ஆலைகள்; இதைத் துறையினர் ஹான் (HON) விதி என்பார்கள். 2024-இல் இறுதியானது. பென்சீனோடு பியூட்டாடையீன், எத்திலீன் ஆக்சைடு, குளோரோபிரீன், எத்திலீன் டைகுளோரைடு, வினைல் குளோரைடு சேர்ந்து ஆறு வளிமங்கள். எத்திலீன் ஆக்சைடுக்கு நடவடிக்கை அளவு 0.2 மைக்ரோகிராம், சுமார் நூறு கோடியில் 0.11 பங்கு. எத்திலீன் ஆக்சைடும் வினைல் குளோரைடும் குழாயில் நிலைத்து ஒட்டாது. காற்றிறக்கிய எஃகுக் கலனில் 24 மணி நேரக் காற்றை, 5 நாளுக்கு ஒருமுறை பிடிக்கவேண்டும். சில கலன்களுக்குள் எத்திலீன் ஆக்சைடு தானாகவே உருவாகிப் பொய்யான உயர் அளவைக் காட்டுவதும் உண்டு. உடனுக்குடன் அளக்கும் லேசர் வகைக் கருவிகளுக்கு இங்கேதான் வாசல் திறக்கிறது. அவற்றில் பெயர்பெற்ற பிக்காரோ தனியார் நிறுவனம். அதன் பங்கு சந்தையில் கிடைக்காது.

இப்போது பங்குக் கணக்கு. 12 இடம், அதோடு 10 மாதிரிக்கு ஒன்று வீதம் 2 நகல், 2 வெற்று: ஆக ஒரு சுற்றுக்கு 16 குழாய். ஆண்டுக்கு 26 சுற்று, 416 பகுப்பாய்வு. 200 ஆலைகள் என்று தாராளமாகவே வைப்போம்: 83,200. ஒரு பகுப்பாய்வுக்கு 100 டாலர் என்று ஒரு பேச்சுக்குக் கொண்டால் ஆண்டுக்கு 83 லட்சம் டாலர். ஆய்வகக் கருவிகள் விற்கும் பெரிய நிறுவனமான தெர்மோ ஃபிஷரின் 2024 வருவாய் 4,200 கோடி டாலருக்கு மேல். இந்த விதி அதில் கடலில் கரைத்த பெருங்காயம்தான். டெலிடைனுக்கும் கதை ஏறத்தாழ இதுவே. காற்றுப் பகுப்பாய்விகள் அதன் பல தொழில்களில் ஒன்று. சூடேற்றும் கருவி செய்யும் மார்க்ஸ் இன்டர்நேஷனல் போன்றவற்றுக்கு ஆர்டர் கூடலாம், ஆனால் அதுவும் பட்டியலிடப்படாத தனியார் நிறுவனம். அளவிடும் சேவையை விற்கும் மான்ட்ரோஸ் என்விரான்மென்டலின் வருவாய் 2024-இல் ஏறத்தாழ 70 கோடி டாலர். அங்கே இதே தொகை முழுதாய்ப் போனால் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கலன் மாதிரிகளும் திருத்த வேலைகளும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆக, குழாய் விதியில் காசு கருவி செய்பவரைவிடக் குழாய் மாற்றுபவருக்கும் ஆய்வகத்துக்குமே அதிகம் போகிறது. விதி 'தொடர் அளவீடு' என்று சொன்னால்தான் பெட்டி விற்பவர் முன்னுக்கு வருவார். இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் 17 வகை ஆலைகளுக்கு இட்ட கட்டளை அந்த வகை: புகைபோக்கியில் தொடர் அளவீடு, இணையவழித் தரவு. அங்கே தேவை பெட்டிக்கு.

காலமும் பார்க்கவேண்டும். முன்மொழிவு, பொதுக்கருத்து, இறுதி விதி, வழக்கு, அமலாகும் நாள் என்று படிகள் உண்டு. ஆர்டர் வருவது பெரும்பாலும் கடைசிப் படியை ஒட்டியே. பங்கு விலையோ முதல் படியிலேயே அசைந்துவிடலாம். ஹான் விதியில் வேலியோர அளவீட்டுக்கு இறுதி விதிக்குப் பின்னும் 2 ஆண்டு அவகாசம் இருந்தது. அதற்குள் 2025 மார்ச்சில் முகமை அதை மறுஆய்வு செய்யப்போவதாக அறிவித்தது. ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பிரகடனம் ஒன்று சில ஆலைகளுக்கு 2 ஆண்டு விலக்கு அளித்தது. 2023-இல் செய்தியை நம்பி வாங்கியவர் மேலும் காத்திருக்கவேண்டியதாயிற்று. விதிக்குள்ளேயே தேவையைக் குறைக்கும் பிரிவும் உண்டு: சுத்திகரிப்பு ஆலை விதிப்படி ஓர் இடத்தில் 2 ஆண்டுகள் 0.9 மைக்ரோகிராமைத் தாண்டாவிட்டால், அங்கே ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று அளந்தால் போதும். ஆலை நன்றாக நடந்தால் அந்த இடத்தில் குழாய் வணிகம் பாதியாகும். வேலிக்கு வெளியே குடியிருப்பவர்கள் வேண்டுவதும் அதைத்தான்.