எலி சாகவில்லை என்றால் மூலிகை பாதுகாப்பானதா?

மூலிகை மருந்து விளம்பரங்களில் இப்படி ஒரு வரி வரும்: உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தும் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் முழுப் பாதுகாப்பு. அந்தச் சோதனையில் நடப்பது என்ன என்று தெரிந்தால் இந்த வரியை அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டீர்கள்.

சோதனை முறைகளை வகுக்கும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 423-ஆம் வழிகாட்டிப்படி சோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 3 எலிகள் போதும், பெரும்பாலும் பெண் எலிகள். இரவு முழுக்கப் பட்டினி போட்டு, காலையில் எடை பார்த்து, முனை மழுங்கிய வளைந்த ஊசியை வாய்வழியே இறக்கி மூலிகைச் சாற்றை நேராக இரைப்பைக்குள் விடுவார்கள். முதல் அரை மணி நேரம், அப்புறம் 4 மணி நேரம் வரை கண்ணும் கருத்துமாகக் கவனிப்பார்கள்: முடி சிலிர்க்கிறதா, எச்சில் வடிகிறதா, உடம்பு நடுங்குகிறதா, கழிச்சல் உண்டா, மூலையில் சுருண்டு கிடக்கிறதா. பிறகு 14 நாள் தினமும் ஒரு பார்வை. கடைசியில் அறுத்து உள்ளுறுப்புகளைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரே வேளை மருந்து ஆளைக் கொல்லுமா என்ற கேள்விக்கு மட்டுமே இதில் பதில் உண்டு. ஆனால் கஷாயத்தையும் சூரணத்தையும் நாம் மாதக்கணக்கில் சாப்பிடுகிறோம். அதற்குத்தான் 28 நாள், 90 நாள் சோதனைகள் இருக்கின்றன. தினமும் மருந்து கொடுத்து, ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், யூரியா ஆகியவற்றையும் ஈரல் நொதிகளையும் அளந்து, சிறுநீரகத்தையும் ஈரலையும் மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். செலவும் உழைப்பும் கூடுதல் என்பதால் பலரும் 14 நாளோடு நின்றுவிடுகிறார்கள், எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

பெல்ஜியத்தில் நடந்ததைப் பாருங்கள். 1990-இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு எடைக்குறைப்பு மருத்துவமனை தன் மாத்திரையில் சீன மூலிகைகளைச் சேர்த்தது. ஸ்டெஃபானியா என்ற செடி இருக்கவேண்டிய இடத்தில் அரிஸ்டோலோகியா கலந்துவிட்டது, சீன மொழியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. அவர்களில் 39 பேருக்குச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டுப் பரிசோதித்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது.

இத்தனைக்கும் எலிகள் முன்பே சொல்லிவிட்டன. 1982-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், அரிஸ்டோலோகியா செடியில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலத்தை மூன்று மாதம் தினமும் கொடுத்த எலிகளின் இரைப்பையில் புற்று வளர்ந்தது. இந்த அமிலம் உடலுக்குள் மாற்றமடைந்து டிஎன்ஏ-வில் ஒட்டிக்கொள்கிறது, செல் பிரியும்போது அந்த இடத்தில் எழுத்துப்பிழை விழுகிறது, புற்று தலைகாட்ட வருடங்கள் ஆகலாம். ஒரு சாற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இந்த அமிலம் இருக்கிறது என்று வையுங்கள். எலியின் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் சாறு கொடுத்தாலும் அமிலம் கிலோவுக்கு வெறும் 2 மில்லிகிராம்தான் வரும். அதை ஒருமுறை குடித்த எலி சாகாது, 14-ஆம் நாளும் நன்றாகத்தான் ஓடும், சான்றிதழும் கிடைத்துவிடும்.

இன்னொன்று, எந்த எலிச் சோதனையும் செடி மாறிப்போனதைக் கண்டுபிடிக்காது. சோதித்தது ஒரு செடி, டப்பாவில் இருப்பது வேறு செடி என்றால் 90 நாள் அறிக்கையும் வெறும் காகிதம்தான். அதனால் தாவரவியலாளர் செடியை அடையாளம் காண்பதும், தயாரிக்கும் மருந்தின் ஒவ்வொரு தொகுதியையும் வேதிப்பரிசோதனையில் ஒப்பிட்டுப் பார்ப்பதும் எலிக்கு முந்திய வேலை.

நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே அரிஸ்டோலோகியா இனம்தான், இரண்டிலும் இந்த அமிலம் உண்டு. இந்த அமிலம் உள்ள செடிகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. யாராவது இவற்றைப் பொடியாக்கி உள்ளுக்குச் சாப்பிட்டு வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி கிரியேட்டினினும் சிறுநீரும் பார்க்கச் சொல்லுங்கள்.