கம்பைல்: தொகுத்தலா, பெயர்த்தலா?

"மாமா, கம்பைல் ஆயிடுச்சு. ஆனா ஓட மாட்டேங்குது."

சேலம் அம்மாபேட்டையிலிருந்து அக்கா மகள் போனில் சொன்னது இவ்வளவுதான். உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறாள். புரதங்களின் வடிவத்தைத் திரையில் சுழற்றிப் பார்க்க உதவும் பைமோலின் திறந்த மூலநிரலை இறக்கி, தன் லேப்டாப்பில் தானே கம்பைல் செய்திருந்தாள், அதாவது எழுத்தாக இருந்த நிரலைக் கணினியில் ஓடும் மென்பொருளாக்கியிருந்தாள். அவள் பார்க்க நினைத்தது 3யூஏ0. புரதத் தரவு வங்கியில் பட்டுப்புழுவின் ஃபைப்ரோயின் புரதத்தின் தொடக்கப் பகுதிக்கு உள்ள அடையாளம் அது. பட்டுத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவளுக்கு அந்தப் புரதத்தின் மேல் ஆசை வந்தது இயல்புதான்.

கம்பைல் ஆகிவிட்டது என்றால் எது ஆகிவிட்டது? சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் பிழை எங்கே என்று தெரியும்.

இதன் வேர் இலத்தீன் 'கொம்பிலாரே'. பழைய பொருள் கொள்ளையடித்தல். பிறர் எழுத்தை வாரித் தன் ஏட்டில் சேர்த்துக்கொள்வதற்கும் அதே சொல் ஆனது. நாளடைவில் வசை நீங்கி, பல இடத்துச் செய்திகளைத் திரட்டி நூலாக்குதல் என்று நின்றது. கணினிக்கு அதைக் கொண்டுவந்தவர் கிரேஸ் ஹாப்பர். 1951-52இல் யூனிவாக் கணினிக்காக அவர் உருவாக்கிய ஏ-0, நாடாவில் சேமித்த துணைநிரல்களைத் தேடி எடுத்து ஒன்றாகக் கோத்துக் கொடுத்தது. அது உண்மையிலேயே திரட்டல்தான். 1957இல் ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் கம்பைலர் வந்தபோது, மனிதர் எழுதும் வாய்பாட்டை இயந்திரக் கட்டளையாகப் பெயர்ப்பதே முதன்மை வேலையாயிற்று. வேலை மாறியும் பெயர் மாறவில்லை.

தமிழில் 'தொகுத்தல்', 'தொகுப்பி' என்றும், 'நிரல்பெயர்ப்பி' என்றும் இரண்டும் புழங்குகின்றன. தொகுத்தல் அழகான சொல். எட்டுத்தொகை என்று சொல்லிப் பழகிய நமக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் பாட்டைப் பாட்டாகவே வைத்தார்கள். சி++ என்னும் நிரல்மொழியில் எழுதிய பைமோலின் வரிகளோ கம்பைலருக்குள் போனபின் வரிகளாக இருப்பதில்லை. என் தேர்வு பெயர்ப்புதான்.

இந்த வேறுபாட்டைத் தொல்காப்பியம் மரபியலில் எப்போதோ காட்டிவிட்டது. முன்னோர் நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூல் நான்கு வகை என்று சொல்லும் இடத்தில் தொகுத்தல் ஒன்று, விரித்தல் ஒன்று, தொகைவிரி ஒன்று. நான்காவது, 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்'. யாத்தல் என்றால் கட்டுதல். யாப்பு அதிலிருந்து வந்தது. அதர் என்றால் வழி. பெயர்ப்பது, கட்டுவது, வழிப்படுத்துவது. மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருள் எழுந்து ஓடுவதற்கு வேண்டிய மூன்றும் இந்த ஒரு தொடரில் இருப்பதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

பெயர்ப்பில் பிழை என்றால் கம்பைலர் பாதியிலேயே நின்றுவிடும். பைமோலுக்கு க்ளூ, ஃப்ரீடைப், லிப்பிஎன்ஜி போன்ற நூலகங்கள், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்கள், தேவை. அவற்றில் என்னென்ன உண்டு என்று சொல்லும் தலைப்புக் கோப்புகள் வேண்டும்; இல்லாததன் பெயரை அதுவே சொல்லும், நிறுவினால் தீர்ந்தது.

கட்டுவதுதான் நுட்பம். பெயர்த்த நிரலை நூலகங்களோடு சேர்க்கும் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் லிங்க் என்று பெயர். அதை 'இணைப்பு' என்று எழுதுகிறோம், இணையப் பக்க இணைப்புக்கும் அதே சொல். அம்மாபேட்டைத் தறிக்காரர்களிடம் இதைவிடச் சரியான சொல் இருக்கிறது: பிணைத்தல். பழைய பாவின், அதாவது தறியில் நெடுக ஓடும் இழைகளின், முனை தறியின் அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே நிற்கும். புதிய பாவின் இழையை அதற்குரிய பழைய இழையோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு. இப்படியே ஆயிரக்கணக்கான இழை. ஒன்று தவறிப்போனால் துணியில் கோடு விழும். பெயர்த்த நிரலில் பெயர் மட்டும் சொல்லி விட்டுவைத்த ஒவ்வொரு செயற்கூற்றையும் (ஃபங்ஷன்) நூலகத்தில் உள்ள அதன் உடலோடு சேர்ப்பது இதே வேலைதான். 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று திரையில் வந்தால், ஓர் இழைக்கு ஜோடி கிடைக்கவில்லை என்று பொருள். லினக்ஸின் எல்டிடி கட்டளையை ஓடவிட்டால் எந்த நூலகம் காணவில்லை என்று காட்டிவிடும்.

அவள் அதையும் ஓடவிட்டாள். எல்லா நூலகமும் இருந்தது. பெயர்ப்பும் சரி, பிணைப்பும் சரி. மிச்சம் அதர்தான்.

பிழைச் செய்தியை முழுதாகப் படிக்கச் சொன்னேன். பைமோலைத் தொடங்கிவைப்பது பைத்தான் என்னும் நிரல்மொழி. கடைசி வரி, அது தேடிய 'பைமோல்._சிஎம்டி' என்னும் மாட்யூல் (நிரல் துண்டு) இல்லை என்றது. அதற்கு மேலிருந்த வரியில் கோப்பின் பாதை இருந்தது. அது இன்று நிறுவிய ஃபோல்டர் இல்லை. போன வருடம் உபுண்டு 22.04 இயங்குதளத்தில் கம்பைல் செய்து வைத்த பழைய ஃபோல்டர். அதைத் திறந்து பார்த்தால் _சிஎம்டி கோப்பு இருக்கிறது, பெயரின் நடுவில் 'சிபைத்தான்-310' என்று, அதாவது பைத்தான் 3.10க்காகக் கட்டியது. இப்போது அவள் லேப்டாப்பில் உபுண்டு 24.04, அதில் உள்ள பைத்தான் 3.12. அது 312 என்ற எண்ணைத் தேடும், 310ஐத் திரும்பியும் பார்க்காது. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில், மாட்யூல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் பைத்தான்பாத் என்று அன்று எழுதிய ஒரு வரி, இன்றும் பைத்தானைப் பழைய வழியிலேயே முதலில் அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த வரியை அழித்து, புது டெர்மினல் திறந்தாள். சிறிது நேரம் பேச்சில்லை. பின்னால் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"வந்துடுச்சு மாமா. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுறேன், இருங்க."