விங்சூட்: இறங்கத் தெரியாத சிறகு

மதில்மேல் வந்து உட்காரும் காகத்தைக் கவனித்துப் பாருங்கள். கடைசி நொடியில் உடலை நிமிர்த்துகிறது, வாலை விரிக்கிறது, இறக்கைகளை இரண்டு முறை முன்னோக்கி அடித்து வேகத்தை முறித்துவிடுகிறது. கால் மதிலைத் தொடும்போது முறிக்க வேகமே மிச்சமில்லை. விங்சூட் அணிந்து மலை முகட்டிலிருந்து குதிப்பவருக்கு வானம் வசப்பட்டிருக்கலாம். இந்த ஒரு வித்தை வசப்படவில்லை. பாராசூட் இல்லாமல் அவரால் தரைக்கு வர முடியாது. தரையிலிருந்து தானாகக் கிளம்பவும் முடியாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

விங்சூட் என்பது மூன்று துணிச்சிறகுகள் கொண்ட முழு உடை. கைக்கும் விலாவுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்று, இரண்டு கால்களுக்கு நடுவே ஒன்று. ஒவ்வொரு சிறகும் இரட்டைத் துணியால் ஆனது. அதிலுள்ள திறப்புகள் வழியே காற்று புகுந்ததும் மெத்தை போல விறைத்துக்கொள்ளும். 1990களில் பிரான்சின் பாட்ரிக் த கயார்தோன் உருவாக்கிய வடிவத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய உடை. இதை அணிந்தவர் ஒரு மீட்டர் கீழிறங்குவதற்குள் இரண்டரை மீட்டர் முன்னால் போய்விடுவார். வெறும் துணிக்கு இது பெரிய சாதனைதான்.

சிக்கல் பரப்பளவில் இருக்கிறது. ஆள், உடை, பாராசூட் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அத்தனை எடையையும் தாங்கப்போவது சுமார் 1.8 சதுர மீட்டர் துணி. காற்று தரும் தூக்குவிசை சிறகின் பரப்போடு நேர்விகிதத்திலும், வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். கணக்குப் போட்டால், இந்தச் சிறகு இந்த எடையைத் தாங்க ஏறக்குறைய மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதற்குக் கீழே போனால் காற்று சிறகை விட்டுப் பிரிந்துவிடும். அதன்பின் பறத்தல் இல்லை, விழுதல்தான். அந்த 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிலாவது மோதுவது பதின்மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம்.

சிறகைப் பெரிதாக்கினால் என்ன? வேகத்தைப் பாதியாக்கப் பரப்பை நான்கு மடங்காக்க வேண்டும். ஏழு சதுர மீட்டர் துணியை நீட்டிப் பிடிக்க மனிதக் கைகளுக்கு நீளமும் இல்லை, பலமும் இல்லை. அலுமினியக் குழாய்ச் சட்டம் வேண்டும். சட்டம் வந்துவிட்டால் அது உடை இல்லை, ஹேங் கிளைடர்: பெரிய சிறகின் கீழே ஆள் தொங்கியபடி மிதக்கும் கருவி. அதில் ஓடிக் கிளம்பி, காலூன்றி இறங்குவது அன்றாட வேலை.

பறக்கும் அணில் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்கலாம். அதன் சிறகும் கைகால்களுக்கு இடையே விரியும் தோல்தானே. ஓர் உயிரின் நீள அகல உயரத்தைப் பத்து மடங்காக்கினால் சிறகுப் பரப்பு நூறு மடங்காகும், எடையோ ஆயிரம் மடங்காகிவிடும். சிறியதாக இருப்பதே அணிலின் பலம். மெதுவாகவே மிதந்து வந்து, மரத்தருகே நிமிர்ந்து, நாலு காலாலும் அடிமரத்தைப் பற்றிக்கொள்கிறது.

இனி கிளம்புவதைப் பார்ப்போம். உசைன் போல்ட் தன் உச்ச வேகத்தில் தொட்டது மணிக்கு 44 கிலோமீட்டர். அந்த வேகத்தில் விங்சூட் தாங்கும் எடை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் கால்கள் துணிக்குள் சிக்காமல் ஓட முடிந்தால்! சரி, எப்படியோ மேலே போய்விட்டார் என்றே வைப்போம். உயரம் குறையாமல் பறக்க ஏறத்தாழ 35 கிலோ எடைக்கு ஈடான உந்துவிசை தொடர்ந்து வேண்டும். திறனாகச் சொன்னால் 10 கிலோவாட்டுக்கு மேல். நல்ல சைக்கிள் வீரர் ஒருவர் நீண்ட நேரம் தரக்கூடியது 0.4 கிலோவாட். மனிதத் தசை கதைக்கு ஆகாது.

2020இல் ஆஸ்திரியாவின் பீட்டர் சால்ஸ்மான் மார்புக்கு முன்னே இரு மின்விசிறிகளைக் கட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைமேல் பறந்து, கீழிறங்காமல் மேலேறிக் காட்டினார். அவற்றின் திறன் 15 கிலோவாட். மேலே போட்ட கணக்கோடு பொருந்துகிறது. ஆனால் அவர் குதித்தது ஹெலிகாப்டரிலிருந்து. அதே ஆண்டு துபாயில் பிரான்சின் வின்ஸ் ரெஃபே நின்ற இடத்திலிருந்தே எழும்பி 1,800 மீட்டர் உயரம் போனார். அவர் முதுகில் இருந்தது துணி அல்ல, நான்கு சிறு ஜெட் எஞ்சின்கள் பொருத்திய கார்பன் இறக்கை. இறங்கியது பாராசூட்டில்.

பாராசூட் இல்லாமல் யாரும் இறங்கியதே இல்லையா? 2012 மே 23 அன்று இங்கிலாந்தின் ஹென்லி நகருக்கு அருகே ஸ்டண்ட் வீரர் கேரி கானரி இறங்கினார். சுமார் 730 மீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்து, நூறு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய 18,600 அட்டைப்பெட்டிகளுக்குள் போய்ப் புதைந்தார். (இரண்டு மாதம் கழித்து லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் எலிசபெத் ராணி வேடத்தில் குதித்தவரும் இவரே.) வேகத்தை முறித்தது சிறகு இல்லை, நசுங்கிய அட்டைகள். என் கணக்கில் அது பாதி வெற்றிதான். துணிச்சலுக்கு முழு மதிப்பெண்.

பெட்டி இல்லாமல் இறங்கவும் இயற்பியல் ஒரு வழி விட்டுவைத்திருக்கிறது: சரிவு. இரண்டரைக்கு ஒன்று என்று மிதப்பவரின் பாதை கிடைமட்டத்திலிருந்து சுமார் 22 டிகிரி சாய்ந்திருக்கும். அதே சாய்வில் பனிமலை ஒன்று இருந்தால், தரையை நோக்கிய வேகம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். பனிச்சறுக்குத் தாண்டல் வீரர்கள் மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வந்து காலூன்றிப் பிழைப்பது இந்தச் சூட்சுமத்தால்தான். சாய்வில் 8 டிகிரி பிசகினாலும், ஒரு மீட்டர் திண்ணையிலிருந்து குதித்த அளவு அடிதான் விழும். 20 டிகிரி பிசகினால் இரண்டாவது மாடி. ஆனால் தாண்டல் வீரரின் காலடியில் பலகை இருக்கிறது. விங்சூட்காரர் குப்புறப் படுத்து, தலையை முன்னே நீட்டிக்கொண்டு வருகிறார். ஒரு காற்று வீச்சு போதும், முதலில் தரையைத் தொடுவது எது என்று சொல்ல முடியாது.

ஆகவே எல்லாரும் பாராசூட்டையே நம்புகிறார்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. குடை விரிந்ததும் முதல் வேலை, கைச்சிறகுகளின் ஜிப்பைத் திறப்பது. அப்போதுதான் தலைக்கு மேலிருக்கும் பிரேக் கயிறுகளைப் பிடிக்கக் கை எட்டும். அடுத்தது கால்சிறகின் ஜிப். தரை தொட்டதும் நாலு எட்டு ஓட வேண்டியிருக்கும், கால்கள் கட்டிக் கிடந்தால் முகம்தான் முதலில் போகும்.