‘சர்வர் டவுன்’ என்று சொல்வதற்கு முன்

மன்னார்குடிப் பக்கம் இ-சேவை மையம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது மையத்து பிராட்பேண்டில் தளம் திறக்கவே மாட்டேன் என்கிறது. அதே நேரத்தில் என் போனில் திறக்கிறது. வரிசையில் நிற்கிற விவசாயிகளிடம் ‘சர்வர் டவுன்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். உண்மையில் கோளாறு எங்கே என்று நானே கண்டுபிடிக்க முடியுமா சார்?”

முடியும். அதற்கான கருவி உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. பெயர் என்எஸ்லுக்அப் (nslookup). விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். இப்போது எந்த சர்வரிடம் கேட்கப்போகிறது என்று முதலில் காட்டும்; பெரும்பாலும் அது உங்கள் ரூட்டர்தான். பிறகு > என்ற குறியோடு காத்திருக்கும். ஒரு பெயரை அடித்தால் பதில் வரும், மறுபடி காத்திருக்கும். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை இடையிலேயே மாற்றிக்கொண்டு போகலாம்.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு தளமும் ஓர் ஐபி முகவரியில் இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் அந்த எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். பிரவுசர் முதலில் எண்ணை வாங்கும், அப்புறம்தான் தளத்தோடு பேசும். முதல் படி தடுக்கினால், தளம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் உங்களுக்குத் திறக்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். திறக்காத தளத்தின் பெயரை அடியுங்கள். கடைசியில் ஒரு புள்ளியும் வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் பங்குக்கு ஒரு வாலை ஒட்டித் தேடக்கூடும். ‘டைம்ட் அவுட்’ என்று வந்தால் ரூட்டர் பதிலே சொல்லவில்லை என்று பொருள். அடுத்து சர்வர் 8.8.8.8 என்று அடித்து, கூகுளின் பொது டிஎன்எஸ்ஸிடம் அதே பெயரைக் கேளுங்கள். அங்கே எண் கிடைத்தால் கோளாறு உங்கள் ரூட்டரிலோ இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸிலோ இருக்கிறது. தளத்தின் மேல் பழியில்லை. இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்தும் தளம் திறக்கவில்லை என்றால், பெயர்த் தேடலில் குறையில்லை. தளமோ, அதற்குப் போகும் வழியோதான் மக்கர் செய்கிறது. ஒரு எச்சரிக்கை: சில நெட்வொர்க்குகள் வெளி சர்வருக்குப் போகும் கேள்வியை நடுவில் மறித்துத் தாங்களே பதில் சொல்வதுண்டு. அதனால் போனின் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டாக வைத்தும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

உங்கள் கேள்விக்கு இவ்வளவு போதும். எனக்குத்தான் இங்கே நிறுத்த மனம் வரவில்லை.

செட் நோரிகர்ஸ் (set norecurse) என்று ஒரு கட்டளை இருக்கிறது. ‘எனக்காக வேறு யாரிடமும் போய்க் கேட்காதே, உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்’ என்பது அதன் பொருள். அதைக் கொடுத்துவிட்டு சர்வர் 198.41.0.4 என்று அடியுங்கள். டிஎன்எஸ் ஏற்பாட்டின் உச்சியில் இருப்பவை ரூட் சர்வர்கள்; உலகத்தின் 13 ரூட் சர்வர் பெயர்களில் முதலாவதின் எண் அது. அதனிடம் தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியைக் கேளுங்கள். அதற்குத் தெரியாது! டாட் ஆர்க் பெயர்களுக்குப் பொறுப்பானவர்கள் இன்னார் என்று ஒரு பட்டியலை மட்டும் தரும். (லினக்ஸில் இந்தப் பட்டியலைப் பார்க்க, பதிலை விவரமாகக் காட்டும் செட் டீபக் (set debug) கட்டளையைக் கொடுக்க வேண்டும்.) பட்டியலில் ஒருவரைப் பிடித்து அதே கேள்வியைக் கேட்டால் அவருக்கும் தெரியாது, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் சர்வர்களைக் கைகாட்டுவார். அவர்களிடம் போனால்தான் தமிழ் விக்கிப்பீடியா இன்னொரு பெயரின் கீழ் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பெயரையும் அங்கேயே கேட்டால் எண் கையில் கிடைக்கும்.

கல்லணையில் ஷட்டர் திறப்பவருக்கு உங்கள் வயலின் மடை எங்கே என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். வெண்ணாற்றில் எவ்வளவு விடுவது என்பதோடு அவர் வேலை முடிந்தது. பாமணியாற்றுக்கும் கோரையாற்றுக்கும் பிரித்துவிடுவதை நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். டிஎன்எஸ்ஸும் இப்படித்தான் ஓடுகிறது. எல்லாப் பெயரும் தெரிந்த ஒருவர் எங்குமே இல்லை, தேவையும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. விக்கிமீடியாவின் சர்வருக்கும் டாட் ஆர்க்கில் முடியும் பெயர்தான். ‘அவரிடம் போய்க் கேள்’ என்றால், அவர் முகவரியை யாரிடம் கேட்பது? அவரிடமேதான் கேட்க வேண்டும் என்றால் ஆயுள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். அதனால் மேலே இருப்பவர் பெயரைச் சொல்லும்போதே ஐபி எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். இதற்குக் குளூ ரெக்கார்ட் என்று பெயர். செட் டீபக் போட்டால் பதிலின் அடியில் ‘அடிஷனல் ரெக்கார்ட்ஸ்’ என்ற தலைப்பில் அதைக் கண்ணால் பார்க்கலாம். ரூட்டின் முகவரியை மட்டும் டிஎன்எஸ்ஸில் தேடித் தொடங்க முடியாது. அது சர்வர் மென்பொருளோடு ஒரு சின்னப் பட்டியலாகவே வருகிறது. இத்தனை பெரிய ஏற்பாடு 13 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து கிளம்புகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

1983-ல் இதை வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் ஒன்றில். பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை எழுதியவர்கள் பெர்க்லியின் முதுநிலை மாணவர்கள். செலவு அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணம். என்எஸ்லுக்அப்பும் பெர்க்லியில் பிறந்ததுதான். உடனே என்ன லாபம் என்று கேட்காமல் மாணவர்களுக்குக் கொடுத்த பணம் அது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டடத்துக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது இப்படி நோண்டிப் பார்க்கும் மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தளம் திறக்காவிட்டால் ‘ராகு காலம் போகட்டும்’ என்று ஒன்றரை மணி நேரம் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போன பிறகு பல சமயம் திறந்தும் விடுகிறது. நம்பிக்கை இன்னும் இறுகிவிடுகிறது. நடப்பது இதுதான். டிஎன்எஸ் பதில் ஒவ்வொன்றுக்கும் டிடிஎல் என்ற ஆயுள் உண்டு. 3600 என்றால் ஒரு மணி நேரம். தளம் வேறு முகவரிக்கு மாறிவிட்டாலும் இடையில் இருக்கும் சர்வர் அதுவரை பழைய எண்ணையே தரும். ‘இப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதிலையும்கூட அது கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். ஆயுள் முடிந்ததும் புதிதாகக் கேட்கும், தளம் திறக்கும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கும் இதுதான், மற்ற நேரத்திலும் இதுதான். சோதிக்க வேண்டுமா? செட் ரிகர்ஸ் (set recurse) கொடுத்துப் பழைய நிலைக்கு வாருங்கள். டீபக்கோடு 8.8.8.8-இடம் ஒரே பெயரை விட்டுவிட்டுச் சிலமுறை கேளுங்கள். பெரும்பாலும் டிடிஎல் எண் குறைந்துகொண்டே வரும். அந்தப் பெயருக்குச் சொந்தமான சர்வரிடமே கேட்டால் முழு எண் வரும், எப்போது கேட்டாலும்.

இணைய நிறுவனத்துக்குப் புகார் கொடுக்கும்போது ‘நெட் வரவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். திரையில் வந்த வரிகளை அப்படியே காப்பி செய்து, கேட்ட நேரத்தையும் குறித்து அனுப்புங்கள்.