வயலின் அலறும்போது

'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலையை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். திரை விலகுகிறது, கத்தி ஏறி இறங்குகிறது, தண்ணீர் ஓடுகிறது. கோரம்தான், ஆனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. இப்போது சத்தத்தோடு பாருங்கள். முதல் வயலின் கீச்சலிலேயே தோள்கள் காதுவரை ஏறிவிடும்.

1960இல் வந்த அந்தப் படத்தில், இந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் சொன்ன பேச்சைக் கேட்காமல் எழுதிவிட்டார். அந்த இசையைக் கேட்ட பிறகு இயக்குநர் மனம் மாறினார். படம் முழுக்க ஊதுகருவியும் இல்லை, முரசும் இல்லை. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என்ற தந்திக் கருவிகள், அவ்வளவுதான். ஆர்கெஸ்ட்ராவில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் இப்படி மிரட்ட முடிந்தது எப்படி?

வீட்டில் ஹார்மோனியமோ கீபோர்டோ இருந்தால் ஒரு வெள்ளைக் கட்டையையும் அதை ஒட்டிய கறுப்புக் கட்டையையும் சேர்த்து அழுத்துங்கள். பல் கூசும். 440 ஹெர்ட்ஸும் 441 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் சத்தம் நொடிக்கு ஒருமுறை பெருத்துச் சிறுக்கும். பள்ளி இயற்பியலில் 'விம்மல்' என்று படித்தோமே, அதுதான். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் பிரடையைத் திருகுவது இந்த விம்மல் அடங்கும்வரைதான். அதே 440 உடன் அடுத்த கட்டையின் 466 சேர்ந்தால் நொடிக்கு 26 விம்மல். யாராலும் எண்ண முடியாது. உள்காதின் காக்ளியாவில் இரண்டு ஒலிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தைப் பிடித்து ஆட்டுவதால், தனித்தனியாகக் கேட்காமல் ஒரே சொரசொரப்பாகக் கேட்கிறது. ஒரு ஸ்தாயி மேலே போனால், அதாவது அதிர்வெண்கள் இரட்டித்தால், அது 52 ஆகிவிடும்.

மனித அலறலை ஆராய்ந்தவர்கள் 2015இல் கண்டது இங்கே பொருந்துகிறது. அலறலின் சத்தம் நொடிக்கு 30 முதல் 150 முறை வரை அதிர்ந்து ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் அந்த வேகம் இல்லை. அந்தச் சொரசொரப்புக்கு மூளையில் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொள்கிறது. ஹெர்மன் ஈ, ஈ பிளாட் என்ற பக்கத்துச் சுரங்களை வெவ்வேறு ஸ்தாயிகளில் அடுக்கி, ஒவ்வொரு வில் வீச்சையும் மேல்நோக்கி வழுக்கவிட்டார். அமிக்டலா பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நல்ல காது போதும்.

மர்மாட் என்ற மலை அணில்களின் அபாயக் குரலை ஆராய்ந்துவந்த டேனியல் புளூம்ஸ்டைன், 2010இல் தன் குழுவோடு நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களின் ஒலியை அலசினார். பயந்த விலங்கு தொண்டை கிழியக் கத்தும்போது வரும் பிசிறுகளின் சாயல், திகில் படங்களில் வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது.

அலறாமலும் பயமுறுத்தலாம். 1975இல் வந்த 'ஜாஸ்' என்ற சுறாப் படத்துக்கு இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் இரண்டே சுரங்களைப் பியானோவில் வாசித்துக் காட்டியபோது, விளையாடுகிறார் என்று நினைத்து இயக்குநர் ஸ்பீல்பெர்க் சிரித்தார். அடிமட்டத் தந்திகளில் ஈ, எஃப். மறுபடி ஈ, எஃப். ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் இங்கே பல் கூச்சம் இல்லை, கணக்குத்தான். மெதுவாகத் தொடங்கி இடைவெளி குறையக் குறைய, அடுத்தது எப்போது விழும் என்று மூளை முந்திக்கொண்டு கணிக்கிறது. வேகம் கூடினால் ஏதோ நெருங்குகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறது. படப்பிடிப்பில் இயந்திரச் சுறா கடல்நீரில் ஓயாமல் மக்கர் செய்ததால் அதை அதிகம் காட்ட முடியவில்லை. சுறாவின் வேலையைப் பல இடங்களில் டபுள் பாஸ்தான் பார்த்தது.

அந்தச் சுரங்கள் கேட்டால் சுறா வருகிறது என்ற இந்த ஒப்பந்தத்தைப் படம் ஓரளவு நாணயமாகவே காப்பாற்றுகிறது. இரண்டு சிறுவர்கள் போலிச் சுறாத் துடுப்பைக் கட்டிக்கொண்டு கடற்கரையைக் கலக்கும்போது அந்தச் சுரங்கள் வருவதில்லை. இசை இல்லையென்றால் சுறா இல்லை என்று காது பழகிவிடுகிறது. பிறகு காவல்துறைத் தலைவர் படகின் ஓரத்தில் உட்கார்ந்து, சலிப்போடு முணுமுணுத்துக்கொண்டே கடலில் இரையை அள்ளி வீசுகிறார். பின்னணியில் ஒரு சுரம்கூட இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் தண்ணீரைப் பிளந்துகொண்டு அந்த வாய் எழுகிறது.