ஷெட்டில் நின்ற ஹைபிரிட்: முன்பணம் கொடுப்பதற்கு முன்

"சிங்கிள் ஓனர். ஓனர் துபாயில். 31,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது. ஷெட்டிலேயே நின்ற வண்டி." கேரளப் பதிவெண் கொண்ட பழைய சொகுசு எஸ்.யு.வி. விற்பனைக்கு வந்தால் இந்த நான்கு வரிகளும் தவறாமல் கூடவே வரும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் அதைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டும்போது பாதி விலை பேசி முடித்த பூரிப்பு முகத்தில் தெரியும். டீசல் வண்டி என்றால் நானும் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டேன். பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் என்றால் அந்த நான்காவது வரி உறுத்தும். எத்தனை மாதம் நின்றது? இடையில் யார் ஓட்டினார்கள்? எவ்வளவு தூரம்? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் பெயின்டைப் பற்றியும் தோல் சீட்டைப் பற்றியும் பேசுவதில் பயனில்லை.

எங்கள் ஒர்க்ஷாப் கோபாலபுரம் எல்லையை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் பொள்ளாச்சி, மறுபக்கம் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டு வீடுகளில் கார் வாங்கி நிறுத்திவிட்டு வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அதிகம். அந்த வண்டிகள் சில ஆண்டுகள் கழித்து இந்தப் பக்கம்தான் விலைக்கு வருகின்றன.

லெக்சஸ் ஆர்.எக்ஸ். 450எச் வண்டியையே எடுத்துக்கொள்வோம். 2017 மார்ச்சில் அந்த நிறுவனம் இந்தியாவுக்கு வந்தபோது கொண்டுவந்த வண்டிகளில் ஒன்று. அன்றைய ஷோரூம் விலை ஒரு கோடியே ஏழு லட்சத்தில் தொடங்கியது. 3.5 லிட்டர் வி6 பெட்ரோல் என்ஜின், கூடவே மின் மோட்டார்கள். பின்சக்கரங்களைத் தனி மோட்டார் சுழற்றுவதால் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் ஷாஃப்ட் கிடையாது. வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கூடக் கிடையாது. என்ஜினைச் சுழற்றிக் கிளப்புவதே பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரிதான். அதில் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் 240 இருக்கின்றன. எல்லாம் ஒரே வரிசையில் இணைந்து 288 வோல்ட் தருகின்றன.

இந்த வகை செல்கள் சும்மா இருந்தாலும் மெல்ல மெல்லத் தானே வடியும். எல்லாம் ஒரே அளவில் வடிந்தால் பரவாயில்லை. ஒன்றிரண்டு முந்திக்கொண்டு வடிந்துவிடும். அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது மற்ற செல்களின் மின்சாரம் அந்தக் காலி செல் வழியாகவே பாய வேண்டும். வரிசை இணைப்பில் வேறு வழியில்லை. அப்போது அதன் துருவமே தலைகீழாகி, செல் கெட்டுப்போகும். இதனால்தான் சில மாதங்களுக்கு ஒருமுறையாவது குறைந்தது 30 நிமிடம் அல்லது 16 கிலோமீட்டர் ஓட்டும்படி வண்டியோடு வரும் கையேடே சொல்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பொத்தானை அழுத்துவார். டிஸ்பிளே எரியும், ஏ.சி. வீசும், இரண்டு நிமிடத்தில் அணைத்துவிட்டுப் போவார். என்ஜின் ஓடவே இல்லை, பேட்டரியில் இருந்ததும் கொஞ்சம் கரைந்தது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொன்றும் நடக்கும். 12 வோல்ட் சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் வேறொரு வண்டியிலிருந்து ஒயர் மாட்டிக் கிளப்பிவிடலாம். கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற சுவிட்சுகளை மூடுவதுதான் சின்ன பேட்டரியின் வேலை. 288 வோல்ட் பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் அந்த வித்தை பலிக்காது. அதற்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும். மாற்றுவதென்றால் செலவு லட்சங்களில். ஆகவே ஒழுங்காக ஓடி, ஒழுங்காக சர்வீஸ் ஆகி, 90,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியையும் மூன்று ஆண்டுகள் நின்று 31,000 காட்டும் வண்டியையும் ஒரே விலைக்கு வைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைத்தான் கைகாட்டுவேன். "அண்ணா, ஓடாத வண்டியைப் போய் வேண்டாம் என்கிறீர்களே" என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

பேட்டரியின் அடுத்த எதிரி சூடு. பாலக்காடு வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர். பேட்டரியைக் குளிர்விக்க ஒரு விசிறி இருக்கிறது. அது காரின் உள்ளிருக்கும் ஏ.சி. காற்றையே பின்சீட்டுக்குக் கீழே உள்ள துளைகள் வழியாக இழுத்துக்கொள்கிறது. நார் மில் வைத்திருக்கும் ஒருவரின் வண்டி பின்சீட்டிலிருந்து ஓயாமல் 'உஸ்' என்று சத்தம் வருகிறதென்று எங்களிடம் வந்தது. சீட்டைக் கழற்றி, விசிறியின் மூடியைத் திறந்தோம். இறகுகளுக்கு நடுவே தேங்காய் மஞ்சித் தூசி படிந்து, படிந்து, பழைய தலையணைப் பஞ்சு போலக் கெட்டியாக அடைத்திருந்தது. விரலால் கிள்ளினால் ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. காற்று போகாததால் கம்ப்யூட்டர் விசிறியை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சுத்தம் செய்து மாட்டியதும் சத்தம் போயிற்று. அந்தச் சூட்டில் பேட்டரி இழந்த ஆயுள் திரும்பி வராது. எங்கள் பக்கம் ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த விசிறியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பின்சீட்டுத் துளைகளை அடைக்கும்படி பையையும் துண்டையும் வாழைத்தாரையும் வைப்பதையும் விட வேண்டும்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? முதலில், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர். கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்று காட்டினால் மகிழ்ந்துவிட வேண்டாம். பழைய குறியீடுகளை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் அதே ஸ்கேனர் காட்டும். அங்கே 12 கிலோமீட்டர் என்று இருந்தால், உங்களுக்குக் காட்டுவதற்காகவே அன்று காலை யாரோ துடைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். பேட்டரி பல தொகுதிகளாகப் பிரித்துக் கண்காணிக்கப்படுகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எல்லாத் தொகுதிகளின் வோல்டேஜும் சேர்ந்தே இறங்கிச் சேர்ந்தே ஏற வேண்டும். ஒன்று மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் தனியாகச் சரிந்தால் நான் அந்த வண்டியை விட்டுவிடச் சொல்வேன்.

பிறகு மலை. ஊருக்குள் இரண்டு தெரு சுற்றிவிட்டு வருவது ஹைபிரிட்டுக்குப் போதாது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பத்துப் பன்னிரண்டு ஏறி இறங்கினால் வண்டியின் ஜாதகம் தெரிந்துவிடும். ஏறும்போது டிஸ்பிளேயில் பேட்டரிக் கோடுகள் படிப்படியாகக் குறைய வேண்டும், இறங்கும்போது படிப்படியாக ஏற வேண்டும். சட்டென்று நிரம்பிச் சட்டென்று காலியானால் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது என்று பொருள். பாதி இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலேயே என்ஜின் இரைந்தால் பதற வேண்டாம். பேட்டரி நிரம்பிவிட்டது, மிச்ச விசையை என்ஜினைச் சுழற்றிச் செலவழிக்கிறது. அது கோளாறு இல்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும் ஜன்னலைச் சாத்திவிட்டு, அமைதியாக உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பாருங்கள். உள்ளே ஒரு சிறிய பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். சில மிதிகளுக்கு ஒருமுறை ஓடினால் சரி. ஒவ்வொரு மிதிக்கும் ஓடினால் பிரேக் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் பகுதி தளர்ந்துவிட்டது. அதுவும் கைக்கு அடக்கமான செலவல்ல.

தண்ணீர் விஷயத்தில் நான் யாருக்கும் தயவு காட்டுவதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, பறவூர், செங்கன்னூர் என்று ஊர் ஊராக வாகனங்கள் மூழ்கின. சென்னை 2015 டிசம்பரில் ஒருமுறை, 2023 டிசம்பரில் இன்னொரு முறை மூழ்கியது. மூழ்கிய வண்டிகள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, வேறு மாவட்டத்தில் புது முகத்தோடு நிற்கும். பேட்டரி சீட்டுக்கு அடியில் தாழ்வாக இருப்பதால் வெள்ளம் ஹைபிரிட்டைத்தான் முதலில் கொல்லும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். நுனியில் வண்டல் கோடு இருக்கும். சீட்டின் தண்டவாள போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி குழியில் மணல், பின் மோட்டாருக்கு உயர் மின்னழுத்தம் கொண்டுபோகும் ஆரஞ்சு நிறக் கேபிளின் இணைப்பில் பச்சைப் படிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேட்டு வாங்குங்கள். க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான சலுகை 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். 2017 வண்டிக்கு ஏறிவந்த சலுகை நடுவில் பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால், அந்த ஆண்டு என்ன நடந்தது என்று கேட்பது உங்கள் உரிமை.

பிளக் போட்டு சார்ஜ் செய்யும் வால்வோ எக்ஸ்.சி.90 டி8 போன்றவை வேறு சாதி. அவற்றில் லித்தியம் அயான் பேட்டரி வண்டியின் நடுவே நீளவாக்கில் இருக்கும்; ஆரம்ப வண்டிகளில் 9.2 கிலோவாட் மணி. முழுக்க சார்ஜ் செய்யச் சொல்லி, மின்சாரத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். சார்ஜிங் கேபிளே காணோம் என்று விற்பவர் சொன்னால், அந்த வண்டியை அவர் வெறும் பெட்ரோல் வண்டியாகத்தான் ஓட்டியிருக்கிறார்.

எல்லையில் வாங்குவதால் காகிதத்தைச் சொல்லாமல் விட முடியாது. கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற, அங்கிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று வேண்டும். கடன் இருந்தால் அதைத் தீர்த்து நீக்கியிருக்க வேண்டும். வேறு மாநில எண்ணோடு 12 மாதங்களுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. பெரிய அடி வரியில் விழும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம்; பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும், கணக்கு அந்த வண்டி புதிதாக விற்ற விலையிலிருந்தே தொடங்கும். தரகர் சொல்லும் தொகையை நம்பாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். புதுச்சேரி எண் கொண்ட சொகுசு கார்கள் 2017இல் கேரளத்தில் கிளப்பிய வரி ஏய்ப்பு வழக்குகள் நினைவிருக்கும். 2025 செப்டம்பரில் பூட்டானிலிருந்து கடத்திவந்த சொகுசு வண்டிகளைத் தேடிச் சுங்கத்துறை கேரளம் முழுவதும் சோதனை நடத்தியது. சேசிஸ் எண்ணை வண்டியில் பார்த்து, மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஒப்பிட்டு, அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வாங்கியபின் பராமரிப்பு அவ்வளவு பயமுறுத்துவதில்லை. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனி கூலன்ட் தொட்டி இருக்கிறது. அதில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி காருக்கு உள்ளேயே இருப்பதால், வாயுவை வெளியேற்றும் குழாய் கொண்ட அதே ரகத்தைத்தான் போட வேண்டும். மோட்டாரே பாதி பிரேக் பிடிப்பதால் பிரேக் பேட் சீக்கிரம் தேயாது, ஆனால் மழைக்காலத்தில் பேடை அழுத்தும் காலிப்பரின் பின்கள் இறுகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். தோப்பு வீடுகளில் எலி கேபிளைக் கடிக்கும். ஆரஞ்சு உறை கிழிந்திருந்தால் யாரும் கை வைக்கக் கூடாது. பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிய பிறகும், கண்டென்சரில் தேங்கிய மின்சாரம் வடிய 10 நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் தாங்கும் கையுறையோடு வேலை செய்பவர் மட்டுமே அதைத் தொடலாம்.

வழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் படாதபடி தட்டையான லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். ரெக்கவரி வண்டிக்காரர் அவசரப்படுவார், காத்திருக்கச் சொல்லுங்கள்.