டர்போ எஞ்சினில் ஸ்ட்ரோக்கர் கிராங்க்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஸ்ட்ரோக்கர் கிராங்க், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரத்தை நீட்டும் கிராங்க்ஷாஃப்ட், போட்டு டர்போ எஞ்சினின் சிசியைக் கூட்ட வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பதைத்தான். எஞ்சின் கட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் பதிலுக்குக் கேட்பது, இப்போதுள்ள டர்போவால் இன்னும் கூடுதலாகக் காற்றைத் தள்ள முடியுமா என்பது. டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸர் ஏற்கெனவே தன் எல்லையில் ஓடிக்கொண்டிருந்தால், ஸ்ட்ரோக்கர் கிராங்க் உச்சத் திறனை உயர்த்தாது; அதே அளவு காற்றை எஞ்சின் முன்பைவிடக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே விழுங்கிவிடும், அவ்வளவுதான். பெரிய டர்போவைப் பொருத்திவிட்டு, பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்வரை காத்திருந்து சலித்துப்போனவருக்கு இது உண்மையிலேயே பயன் தரும். சிறிய டர்போவில் நிறைவாக ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு, என் கருத்தில், வீண் செலவு.

பலரும் அறிந்த மிட்சுபிஷி 4ஜி63 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 85 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 88 மி.மீ., கொள்ளளவு 1,997 சிசி. அதே குடும்பத்தைச் சேர்ந்த 4ஜி64 எஞ்சினின் 100 மி.மீ. ஸ்ட்ரோக்கை இதில் கொண்டுவந்தால் கொள்ளளவு சுமார் 2,270 சிசி ஆகிறது, அதாவது 13.6 சதவீதம் அதிகம்.

ஸ்ட்ரோக் 12 மி.மீ. கூடும்போது பிஸ்டன் மேலே 6 மி.மீ. கூடுதலாக ஏறும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் 150 மி.மீ. கனெக்டிங் ராடையே வைத்துக்கொண்டால், அந்த ராடு மாட்டும் பிஸ்டன் பின்னின் (pin) மையத்திலிருந்து பிஸ்டனின் மேல்தளம் வரையுள்ள உயரம் 35 மி.மீட்டரிலிருந்து 29 மி.மீட்டராகக் குறைந்தாக வேண்டும். அந்த 6 மி.மீட்டரை ரிங்குகள் உட்காரும் பகுதியிலிருந்துதான் எடுக்க முடியும். டர்போ எஞ்சினில் வெப்பமும் அழுத்தமும் மிகக் கடுமையாகத் தாக்குவது அந்தப் பகுதியைத்தான் என்பதாலும், நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) வந்தால் முதல் இரண்டு ரிங்குகளுக்கு இடையிலுள்ள சுவர் உடைவது வழக்கம் என்பதாலும், அதை மெலிதாக்குவதை நான் விரும்புவதில்லை. 6 மி.மீ. உயரம் கூடிய 4ஜி64 பிளாக்கையே எடுத்தால் அந்த 35 மி.மீ. அப்படியே கிடைத்துவிடும். ஹெட் உயர்ந்துவிடுவதால் டைமிங் பெல்ட்டையும் குழாய் இணைப்புகளையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்; அந்தச் சிரமத்துக்குத் தயங்கியே பலர் உயரம் குறைந்த 4ஜி63 பிளாக்கையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

பழைய பிஸ்டனின் மேல்தளக் குழிவு அளவையே புதியதிலும் வைத்தால் 8.5 ஆக இருந்த கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 9.5 ஆகிவிடும். பூஸ்டைக் கூட்டும் திட்டமும் சேர்ந்தால் இது ஆபத்தானது. ஆகவே சிலிண்டருக்கு ஏறத்தாழ 9 சிசி அதிகக் குழிவுள்ள பிஸ்டன் வேண்டும்.

ஆர்பிஎம் எல்லையை முன்பு இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நான் மிகுதியாகக் காணும் தவறு. 8,000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் 88 மி.மீ. ஸ்ட்ரோக்கில் விநாடிக்கு 23.5 மீட்டர், 100 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 26.7 மீட்டர். பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது ராடு போல்ட்டுகளை இழுக்கும் விசையை நிர்ணயிக்கும் முடுக்கமும் சுமார் 17 சதவீதம் கூடுகிறது. பழைய வேகத்துக்குள் நிற்க வேண்டுமானால் எல்லையை 7,000 அருகே இறக்க வேண்டும். ஹெட்டின் காற்றுவழியை மாற்றாதவரை திறன் உச்சத்தைத் தொடும் ஆர்பிஎம்மும் கீழே இறங்கிவிடுவதால், இதில் இழப்பு பெரிதல்ல.

கிராங்கின் உறுதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். மெயின் ஜர்னல் (பிளாக்கில் சுழலும் தண்டுப் பகுதி) 57 மி.மீ., ராடு ஜர்னல் (ராடு மாட்டும் பகுதி) 45 மி.மீ. விட்டமுள்ள இந்தக் கிராங்கில், பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும் அளவு 7 மி.மீட்டரிலிருந்து வெறும் 1 மி.மீட்டராகச் சுருங்குகிறது. முறுக்கத்தைத் தாங்குவது பெரும்பாலும் அந்தப் படிவுதான். எனவே ஃபோர்ஜ் செய்த எஃகு கிராங்கும் அதற்கு ஏற்ற டாம்ப்பரும் (கிராங்கின் முறுக்கு அதிர்வை அடக்கும் பாகம்) தேவை. ராடு, பிஸ்டன், ஃப்ளைவீலோடு சேர்த்து மொத்தமாக பேலன்ஸ் செய்வதையும் தவிர்க்கக் கூடாது.

பொருத்தும்போது ராடு போல்ட்டின் தலை பிளாக்கின் உட்சுவரிலும், கிராங்கின் எடைக்கட்டி ஆயில் தெளிப்பானிலும் இடிக்கிறதா என்று கையால் முழுச் சுற்றுகள் சுற்றிப் பார்க்க வேண்டும். 2 மி.மீ. இடைவெளியாவது இருந்தால் நிம்மதி. இடிக்கும் இடத்தைத் தேய்க்கும்போது பின்னால் நீர்ப்பாதை இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டே கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.

பழைய ஈசியூ மேப்பில் (எஞ்சின் கணினியின் எரிபொருள், தீப்பொறி அட்டவணை) இந்த எஞ்சினை முடுக்கவே கூடாது. அதே பூஸ்டில் காற்று 13 சதவீதத்துக்கு மேல் கூடுவதால், ஏற்கெனவே 85 சதவீத நேரம் திறந்து வேலை செய்துகொண்டிருந்த, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு இனி கூடுதலாகத் திறக்க இடமே இல்லை. எரிபொருள் குறைந்து கலவை மெலிந்தால் முதல் முழு பூஸ்டிலேயே நாக்கிங் தொடங்கிவிடும்.